எண்ணாமல் விட்ட இருபது சாக்கு

அன்று கோழி ஷெட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான் ஒருவன். அச்சரப்பாக்கத்தில் ஒரு தீவனக் கடையின் லைன் ஆள். கடை கடனுக்குக் கொடுத்த குஞ்சும் தீவனமும் எந்தப் பண்ணையில் என்ன நிலையில் இருக்கிறது, கோழி விற்றால் கையில் என்ன நிற்கும் என்று சுற்றி வந்து கணக்குச் சொல்வது என் வேலை. இரண்டாவது ரோசி, பண்ணைக்காரி. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மூன்றாவது அவள் புருஷன் எட்வின். நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற இடத்தில் ஒப்பந்த வேலை, அன்றைக்கு வார லீவு. நான்காவது கோழி ஏற்றுகிற வியாபாரி. ஐந்தாவது என் முதலாளி. அவர் பண்ணைப் பக்கம் வருகிற ஆளே இல்லை. மாமல்லபுரத்தில் சொந்தக்காரர் கல்யாணம், போகிற வழியில் பட்டு வேட்டியோடு எட்டிப் பார்த்தார்.

கோழிகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. அவற்றை ஆள் கணக்கில் சேர்க்கவில்லை.

யார் யார் இருந்தோம் என்று முதலிலேயே எழுதக் காரணம் உண்டு. லாபக் கணக்குப் போடும்போது நீங்கள் குஞ்சு விலை, தீவன விலை, மருந்து, தரையில் பரப்புகிற உமி, கரண்டு எல்லாம் எழுதுவீர்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எழுத மாட்டீர்கள். நானும் எழுதவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற உங்களில் பாதிப் பேர் டிப்ளமோ படித்தவர்கள். போனில் நாலு நம்பர் தட்டினால் விடை வந்துவிடுகிறது. நான் ஏழாவதோடு நின்றவன். பெருக்கவும் வகுக்கவும் தெரியும், மீதியைப் பயத்தை வைத்துத்தான் ஓட்டினேன். எதையும் மூன்று தரம் எண்ணுவேன். ஒரு பண்ணையில் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேனா என்று மதுராந்தகம் தாண்டிய பிறகு சந்தேகம் வந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தவன் நான். போட்டுத்தான் இருந்தது. அப்படிப்பட்ட ஆள் செய்த தப்பு இது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

நடந்தது ஐப்பசிக் கடைசி. கார்த்திகை பிறக்க நாலு நாள் இருந்தது. ரோசியின் கோழிக்கு அன்றோடு முப்பத்தொரு நாள். வியாபாரி வேன் கொண்டுவரவில்லை, விலை பேச மட்டும் வந்திருந்தார்.

"பாரு தங்கச்சி, இன்னிக்கு கிலோ நூத்திப்பத்து தர்றேன். நாலு நாள் போனா ஊர்ல பாதிப்பேரு கழுத்துல மாலை கீது. கறிக்கடைக்காரன் ஈ ஓட்டிக்கினு குந்தியிருப்பான். அப்பால என்னாண்ட வந்து நூத்திப்பத்து கேட்டா நான் இன்னா பண்றது?"

எட்வின் சிரித்தார். "வருசா வருசம் இதையேதான் சொல்லிக்கினு வர்ற மச்சான். எங்க தெருல எவன் மாலை போட்றான்? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சா நேரா கறிக்கடைதான்."

"உங்க ஒரு தெரு தின்னு இந்த ரெண்டாயிரம் கோழி தீருமா?"

ரோசி இந்தப் பேச்சில் சேரவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "அண்ணா, எனக்கு அம்பத்தஞ்சாயிரம் வேணும். பெரியவளுக்கு நர்சிங் கடைசி வருசம். இந்த மாசம் பீசு கட்டலன்னா உள்ளயே வுட மாட்டாங்களாம். இன்னிக்கே வித்தா எவ்ளோ நிக்கும், இன்னும் எட்டு நாள் வளத்து வித்தா எவ்ளோ நிக்கும், நீ சொல்லு. நீ சொல்றதுதான்."

முதலாளி வாட்சைப் பார்த்தார். "யோவ், சீக்கிரம் சொல்லுய்யா. எனக்கு முகூர்த்தம் போய்டும்."

எல்லாவற்றிலும் முக்கியம் கோழி தின்ற தீவனம். மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தின்றது என்பது தெரிந்தால், இன்னும் எட்டு நாள் தின்னக் கொடுப்பது லாபமா நஷ்டமா என்று சொல்லிவிடலாம். ஒன்றரைக்குப் பக்கம் இருந்தால் வைத்து வளர்க்கலாம். இரண்டை நெருங்கினால் அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும்.

தின்றதை அளக்க நான் காலிச் சாக்கைத்தான் நம்புவேன். அதற்கும் ஒரு கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பண்ணையில் தீவன மூட்டை அடுக்கி வைத்திருந்ததை முன்பக்கம் எண்ணி, உள்ளே எத்தனை வரிசை என்று பெருக்கி, நூற்றிருபது மூட்டை இருப்பு என்று எழுதிக்கொடுத்தேன். அடுக்கின் நடுவில் முழுக்க உமி மூட்டை. தீவனத்தை அந்த ஆள் வெளியே விற்றிருந்தான். அன்றிலிருந்து நிறைமூட்டையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவேன், காலிச் சாக்கையும் எண்ணுவேன், இரண்டும் சேர்ந்து கடை அனுப்பிய மூட்டைக்குச் சரியாக வருகிறதா என்று பார்ப்பேன். எங்கள் கடைச் சாக்கில் நீலக்கோடு இருக்கும். காலியைத் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்குப் பத்து ரூபாய். அதனால் எல்லாரும் பத்துப் பத்தாகக் கட்டிப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

ரோசியும் வைத்திருந்தாள். ஒன்பது கட்டு, உதிரி ஆறு. தொண்ணூற்றாறு. நிறைமூட்டை பதினாலு. இரண்டும் சேர்ந்து நூற்றுப்பத்து. கடை ஏட்டிலும் நூற்றுப்பத்து. மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் அதேதான்.

கோழி சராசரி எடை ஒரு கிலோ அறுநூறு கிராம். மூட்டை ஐம்பது கிலோ, வகுத்தால் கிலோவுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் வந்தது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. பத்து நாள் முன்னால்தான் அந்தக் கடற்கரைப் பக்கம் விடாத மழை. வடக்கே இருந்து வாடை, கிழக்கே இருந்து கடல்காற்று. குளிரில் கோழி தின்பது உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே போய்விடும், கறி ஏறாது. இங்கே மழையில் நனைந்த ஷெட்டில் வெயில் காலத்துக் கணக்கு வருகிறதே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டேன். பயந்து பயந்து வாழ்கிறவனுக்கு நல்ல விடை ஒன்று கிடைத்தால், அதைக் கையால் தொட்டுப் பார்க்கவே தைரியம் வராது.

ஷெட்டின் வடக்குப் பக்கம் மழைப் படுதா கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் வெள்ளைச் சாக்குகளை வரிசையாகச் சேர்த்துத் தைத்துத் தொங்கவிட்டிருந்தாள் ரோசி. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்திருந்தது. சாக்கின் உள்ளே தீவனத் தூசி ஒட்டியிருந்தால் எலி வரும், அதற்காகத் திருப்பி உதறியிருக்கிறாள், விவரமானவள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. வாய்விட்டும் சொன்னேன்.

"நல்லா தெச்சிகீற ரோசி."

அவள் முதலாளியை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாண்ணா, குளிரு" என்றாள்.

நான் கணக்கைச் சொன்னேன். இன்று விற்றால் நாற்பத்திரண்டாயிரம் நிற்கும். எட்டு நாள் வைத்தால், விலை ஐந்து ரூபாய் இறங்கினாலும் ஐம்பத்தைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ரோசி கேட்ட தொகை அதேதான். கேட்ட தொகையும் வந்த விடையும் இப்படி ஒட்டிக்கொண்டு நின்றால், உடனே ஏட்டை மூடிவிட்டு முதலிலிருந்து போடுங்கள். நான் போடவில்லை.

"அப்ப வெச்சிக்கலாம்" என்றாள் ரோசி.

வியாபாரி செருப்பை மாட்டினார். "கணக்குப்புள்ள சொல்லிட்டாரு. அப்பால நான் இன்னா பேசறது. வரேன் தங்கச்சி."

முதலாளி காரில் ஏறிக்கொண்டே என் தோளைத் தட்டினார். ஐந்து பேரும் கலைந்தோம்.

கார்த்திகை பிறந்தது. விலை நூற்றைந்தில் நிற்கவில்லை. நூற்றிரண்டு, நூறு, தொண்ணூற்றெட்டு. நான் தினம் காலையில் போனில் விலை பார்த்துவிட்டுத்தான் பல்லே விளக்குவேன். கணக்குச் சொன்ன ஏழாம் நாள் பொறுக்க முடியாமல் யாரும் கூப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு ரோசி பண்ணைக்குப் போனேன்.

எட்வின் வேலைக்குப் போயிருந்தார். ரோசி தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நல்ல காற்று. வடக்குப் பக்கம் ஒரு சாக்கின் தையல் பிரிந்து வாய் திறந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு தரம் காற்று உள்ளே புகுந்து அதை அப்படியே திருப்பிப் போட்டது. உள்ளே சிவப்பு அச்சு. சிவப்பில் பெரிய எழுத்தில் வேறொரு கடையின் பெயர்.

அருகே போய்ப் பார்த்தேன். அடுத்த சாக்கைக் கையால் விரித்துப் பார்த்தேன். அதுவும் சிவப்பு. ஒரு முனையிலிருந்து எண்ணினேன். இருபது. இதையும் மூன்று தரம்.

திரும்பினால் ரோசி தொட்டியை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"இது எப்போ?" என்றேன்.

"மழையில. ஒங்க லாரி நாலு நாளு வரல இல்ல?"

உண்மை. ரோடு முழுகிப்போய் எங்கள் லாரி அந்தப் பக்கம் நாலு நாள் போகவில்லை. அந்த வயதில் இரண்டாயிரம் கோழிக்கு நாளைக்கு ஐந்து மூட்டை வேண்டும். கையிருப்பு இருந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். காலிச் சாக்கை மூன்று தரம் எண்ணிய நான், அந்த நாலு நாள் கோழி எதைத் தின்றது என்று ஒரு தரம் கேட்கவில்லை.

"பட்டினி போட்டா ஒண்ண ஒண்ணு கொத்திக்கினு செத்துப்பூடும்ணா. கழுத்துச் செயின அடகு வெச்சி நாப்பத்திமூவாயிரத்துக்கு இருபது மூட்ட வாங்கினேன். இன்னொரு கடை வண்டி பைபாஸ் பக்கமா சுத்திக்கினு வந்துச்சி."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"யாரு முன்னாடி சொல்றது? ஒங்க மொதலாளி பட்டு வேட்டி கட்டிக்கினு நிக்கறாரு."

எங்கள் கடையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கடனுக்குக் குஞ்சு வாங்குகிறவர் வேறு கடையில் ஒரு மூட்டை தீவனம் வாங்கினாலும் அடுத்த பேட்ச்சுக்குக் குஞ்சு கிடையாது.

"அவர் போனப்புறம் என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

ரோசி சேலையில் கையைத் துடைத்தாள். "திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு ஆள நீதானண்ணா மாட்டிவுட்ட? வேற கடை மூட்டை பாத்தேன்னு நீ போய் சொன்ன. அவன் ஷெட்டு இன்னிக்கும் காலியாத்தான் கீது. இந்த லைன்ல எல்லாருக்கும் தெரியும்."

நான் கடையில் போய்ச் சொன்னது உண்மைதான்.

அவள் நினைத்தது இப்படி: தின்றது தின்றாயிற்று, அடகு தன் தனிக்கணக்கு, இனி எட்டு நாளில் நான் சொன்ன பதிமூன்றாயிரம் கூடுதலாக வந்தால் அதையாவது பார்க்கலாம். அங்கேதான் பிசகு. அந்த இருபது மூட்டை போன செலவு மட்டும் என்றால் அவள் நினைத்தது சரி. இருபதையும் சேர்த்து வகுத்தால் கிலோவுக்கு ஒன்று புள்ளி ஒன்பது. அதாவது இந்தக் கோழிகள் குளிரில் தீனியை வீணாக்குகிற கோழிகள். இனிமேலும் அப்படித்தான் தின்னும். இந்த ஒரு எண் தெரிந்திருந்தால் அன்றைக்கே நூற்றுப்பத்துக்கு ஏற்றச் சொல்லியிருப்பேன். குளிருக்கு எவ்வளவு தின்றன என்பதைச் சொல்லும் சாக்குகளே குளிரை மறைக்கத் தொங்கின. அவற்றின் தையலை நான் பாராட்டிவிட்டு வந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அடுத்து என்ன என்பதுதான் அப்போது கேள்வி. இன்னும் பத்து நாள் வைத்தால் விலை ஏறலாம் என்று சொல்ல எனக்கு ஆசை. அப்படிச் சொன்னால் அந்த நிமிஷம் ரோசி முகத்தைப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் உள்ளே போகிற தீனியின் விலை, ஏறுகிற கறியின் விலையைவிட அதிகம். ரோசி முன்னாலேயே வியாபாரிக்குப் போன் போட்டேன்.

"அடடே, கணக்குப்புள்ளயா? அன்னிக்கு நூத்திப்பத்து சொன்னனே, இன்னா சொன்ன நீ?"

"தப்பா சொன்னேன். நாளைக்கு ஏத்திக்கிறியா?"

கேலி செய்ய ஆயத்தமாக இருந்த ஆளுக்கு அந்தப் பதில் ஏமாற்றமாக இருந்திருக்கும். "தொண்ணூத்தாறுக்கு மேல என்னால ஆவாது. காலைல அஞ்சு மணிக்கு வண்டி அனுப்பறேன். ராத்திரி தீனிய இஸ்துடச் சொல்லு" என்றார்.

மறுநாள் கோழி போனது. வந்த பணம் மூன்று லட்சத்து எழுபத்துமூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. குஞ்சுக்கும் தீவனத்துக்கும் எங்கள் கடைக்குச் சேர வேண்டியது போக ரோசி கையில் நின்றது எட்டாயிரத்து நூற்றிருபது. அடகும், அவள் கைக்காசு போட்ட மருந்து, உமி, கரண்டும் கழித்தால் ஐம்பத்து நாலாயிரம் நஷ்டம். நூற்றுப்பத்துக்கு விற்றிருந்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று வெளியே வந்திருப்பாள்.

கடைக்கு ஒரு ரூபாய் பாக்கி இல்லை. முதலாளி ஏட்டைப் பார்த்துவிட்டு, "ரோசி நல்ல பார்ட்டிய்யா. உன் கணக்கும் சரியா வந்துடுச்சி" என்றார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ரோசிக்கு அடுத்த பேட்ச் குஞ்சு கிடையாது. "ஆமா மொதலாளி" என்றேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அன்று ஷெட்டில் ரோசி "ஆமாண்ணா, குளிரு" என்றபோது அவள் வாய்க்குள் என்ன இருந்திருக்கும் என்று.

பெரிய பெண் அந்த வருஷம் கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு வருஷம் கோவளம் பக்கம் ஒரு துணிக்கடையில் நின்றாள். செயின் அடகிலிருந்து வீட்டுக்கு வரவில்லை, அப்படியே விற்று அடுத்த வருஷப் பீசு கட்டினார்கள்.

கோழி போன பிறகு பத்து நாள் அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பதினோராம் நாள் வங்கியிலிருந்து இருந்ததை எடுத்துக்கொண்டு ரோசி வீட்டுக்குப் போனேன். எட்வின் இருந்தார். பணத்தைப் பார்த்ததும், "இன்னா அண்ணாத்த இது, பேஜாரு பண்ற" என்று எழுந்துவிட்டார். ரோசி எழவில்லை.

"உக்காருய்யா நீ" என்றாள் புருஷனிடம். பிறகு என்னிடம், "நஷ்டம் அம்பத்தி நாலு. சில்லறைய வுட்டுடு. பாதி எம்மேல, நான் வாய மூடிக்கினு இருந்தேன். பாதி ஒம்மேல, நீ கேக்கல. இருவத்தேழாயிரம் நீ குடுக்கணும். நான் வாணான்னு சொல்ல மாட்டேன்."

"மொத்தமா கொண்டாந்திருக்கேன்."

"மொத்தமா வாணாம். குடுத்துட்டு நீ பாட்டுக்கு நிம்மதியா பூடுவ. ஒவ்வொரு பேட்ச்சும் ஏத்தறதுக்கு முன்னாடி இங்க வரணும். நான் எல்லாத்தையும் சொல்றேன், அடகு, கைமாத்து, வேற கடை மூட்டை, எல்லாம். நீ கணக்குப் பாத்துச் சொல்லிட்டு ஆயிரத்தி ஐநூறு வெச்சிட்டுப் போ."

எட்வின் சிரித்துவிட்டார். "அண்ணாத்த, துட்டும் குடுத்து வேலையும் செய்யணுமாம்."

அப்படித்தான் நடக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் பண்ணையிலும் முதலாளியோ வியாபாரியோ பக்கத்தில் நிற்கும்போது நான் விடை சொன்னது கிடையாது. "வீட்டுக்குப் போய் போன்ல சொல்றேன்" என்பேன். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார்கள், பழக்கம்தான். பண்ணைக்காரரிடம் தனியாக உட்கார்ந்து, ஏட்டில் இல்லாதது என்ன இருக்கிறது என்று முதலில் கேட்பேன். கேட்பதற்கு முன்னால், கேட்டதைக் கடையில் போய்ச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். திருக்கழுக்குன்றத்துக்காரரையும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

போன வருஷம் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். ரோசி பண்ணைக்கு மட்டும் போய்க்கொண்டிருக்கிறேன். பெரியவள் படிப்பை முடித்து, இப்போது கூடுவாஞ்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. போன மாதம் நான் போயிருந்தபோது அவளும் லீவில் வந்திருந்தாள். நான் நோட்டை விரித்ததும் எட்டிப் பார்த்து, "மாமா, வடக்குப் பக்கம் எண்ணியாச்சா?" என்றாள். எண்ணியாச்சு என்றேன். உண்மையிலேயே எண்ணியிருந்தேன். அங்கே இப்போது புதுப் படுதா, ஒரு சாக்கும் இல்லை.

அன்றோடு பதினாலு தடவை. இருபத்தோராயிரம் கொடுத்தாயிற்று. நான் ரோசிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஆறாயிரம் ரூபாய்.